மணற்புலிச் சுறா மனிதருக்கு எவ்வளவு ஆபத்தானது?

நியூயோர்க் கரையில் யாரையாவது சுறா கடித்துவிட்டது என்று செய்தி வந்தால் கூடவே ஒரு படமும் வந்துவிடும். வாய் மூடியிருக்கும்போதும் ஊசி ஊசியாகப் பற்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு பெரிய சாம்பல் நிறச் சுறா. அந்தப் படம் வட்ஸ்அப் வழியாக வெள்ளவத்தைக்கும் வந்து சேர்கிறது. "புலிச்சுறா, ஆளைத் தின்னும்" என்று யாரோ ஒரு குறிப்பைச் சேர்த்துவிடுகிறார்கள். அப்புறம், கல்கிசையில் பிள்ளைகளைக் கடலில் இறக்கலாமா என்ற கேள்வி எழுகிறது.

படத்தில் இருப்பது பெரும்பாலும் மணற்புலிச் சுறா. புலிச்சுறா வேறு, இது வேறு. இது மனிதரைக் கொன்றதாக உறுதிசெய்யப்பட்ட சம்பவம் ஒன்றுகூட இல்லை. அதற்காக இது கடித்ததே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கடித்த சம்பவங்களை எடுத்துப் பார்த்தால், அந்த நேரம் தண்ணீரில் எவ்வளவு மீன் இருந்தது, அங்கே இருந்தவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே கதையைத் தீர்மானித்திருக்கிறது. பல்லின் தோற்றத்துக்கு அதில் பெரிய பங்கு இல்லை.

பெயரால் வந்த வினை

இந்தச் சுறாவின் அறிவியல் பெயர் கார்க்கரியாஸ் டோரஸ். 1810-ஆம் ஆண்டில் ராஃபினெஸ்க் என்ற இயற்கையியலாளர் வைத்த பெயர். டோரஸ் என்றால் இலத்தீனில் காளை. அமெரிக்காவில் இதை மணற்புலி என்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் இதற்கு 'கிரே நர்ஸ்' என்று பெயர். தென்னாபிரிக்காவில் ஒழுங்கற்ற பற்களை வைத்து 'ராகி' என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். ஒரே மீனுக்கு ஒரு நாட்டில் புலி, இன்னொரு நாட்டில் தாதி, ஏட்டில் காளை. குழப்பம் வராமல் என்ன செய்யும்?

பிரித்துப் பார்க்க வேண்டியவை நான்கு:

1. மணற்புலிச் சுறா. இந்தக் கட்டுரை பேசும் மீன். வழக்கமாக 2 முதல் 2.5 மீற்றர் நீளம், அதிகம் போனால் 3.2 மீற்றர். முதுகுத் தூவிகள் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பது இதை அடையாளம் காண நல்ல வழி.

2. புலிச்சுறா. உடம்பில் வரி உள்ள, மிகப் பெரிதாக வளரும் வேறொரு இனம். மணற்புலியும் வெள்ளைச் சுறாவும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. புலிச்சுறா அந்த வரிசையிலேயே இல்லை. பெயரில் புலி இருப்பதைத் தவிர இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது.

3. காளைச் சுறா. கலங்கிய நீரிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் நடமாடக் கூடியது. மனிதருக்கு உண்மையிலேயே ஆபத்தான மூன்று இனங்களில் ஒன்று.

4. நர்ஸ் சுறா. கடலடியில் படுத்துக் கிடக்கும் சாதுவான இனம். கிரே நர்ஸ் என்ற பெயரைப் பார்த்து அதுவும் இதுவும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது.

நம் வீடுகளில் சுறா என்றால் நினைவுக்கு வருவது இவற்றில் எதுவும் அல்ல. பிள்ளை பெற்ற தாய்க்கு வறை செய்து கொடுக்க வாங்கும் பால்சுறா, ஒரு மீற்றரைச் சுற்றியே வளரும் சின்ன மீன். கொழும்புச் சந்தையில் சிங்களத்தில் 'மோரா' என்று பொதுவாகச் சொல்லிவிடுவதால் எது எந்த இனம் என்பது வாங்குபவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

அந்தப் பற்கள் எதற்கு?

பல்லைப் பார்த்தால் இரை தெரியும். புலிச்சுறாவின் பல் அகலமானது, ஓரத்தில் வாள்போல அரம் உள்ளது. ஆமை ஓட்டையும் அறுக்கும். வெள்ளைச் சுறாவின் பல் முக்கோணம், அதிலும் அரம் உண்டு. பெரிய உடலிலிருந்து சதையை வெட்டி எடுப்பதற்கு ஏற்றது. மணற்புலியின் பல்லோ நீண்டு மெலிந்த கூர்முனை, ஓரத்தில் அரம் இல்லை. வழுக்கும் மீனைக் குத்திப் பிடித்து முழுசாக விழுங்குவதற்கானது. சமையலறை மொழியில் சொன்னால், புலிச்சுறா வைத்திருப்பது கத்தி, மணற்புலி வைத்திருப்பது முள்ளுக்கரண்டி.

இதனால்தான் இதன் கடி பெரும்பாலும் குத்துக் காயமாகவோ கிழிந்த காயமாகவோ இருக்கிறது. சதையைப் பெரிதாகப் பறிகொடுப்பது அரிது. மனித உடல் இதன் தொண்டைக்கு ஏற்ற அளவும் அல்ல.

பகலில் இது குகைகளிலும் பாறை இடுக்குகளிலும் மூழ்கிய கப்பல்களைச் சுற்றியும் மெதுவாக மிதந்துகொண்டிருக்கும். இரவில்தான் வேட்டை. மிதப்பதற்கு இது செய்யும் வேலை ஆச்சரியமானது: நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொள்கிறது. சுறாக்களுக்கு மற்ற மீன்களைப்போலக் காற்றுப்பை கிடையாது. இப்படிக் காற்றைக் குடித்து மிதப்பைச் சரிசெய்யும் சுறா என்று அறியப்பட்டது இது ஒன்றுதான். அதனால் அசையாமல் அந்தரத்தில் தொங்குவதுபோல நிற்க முடிகிறது. பார்ப்பவருக்குப் பதுங்கி நிற்பதாகத் தோன்றும். உண்மையில் அது ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது.

காட்சித் தொட்டிகளில் இதை அதிகம் வளர்ப்பதற்கும் இந்த நிதானமே காரணம். டுபாய் மோலுக்குப் போனவர்கள் அங்குள்ள பெரிய தொட்டியில் பல் துருத்திய சுறாக்களைப் பார்த்திருப்பார்கள், அவை இவைதான். தொட்டிகளில் எளிதாகப் படம் எடுக்க முடிவதால், வேறு எந்தச் சுறாவின் செய்திக்கும் இதன் முகத்தையே ஒட்டிவிடுகிறார்கள்.

பதிவுகள் காட்டும் கணக்கு

சுறாக் கடிகளைப் பற்றிய உலகளாவிய பதிவை புளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பராமரிக்கிறது. 1580-ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் செல்லும் சம்பவங்கள் அதில் உள்ளன. அங்கே இரண்டு சொற்களைப் புரிந்துகொள்ள வேண்டும்.

தூண்டப்பட்ட கடி: மனிதர் தொட்டபோது, வாலைப் பிடித்தபோது, தூண்டிலிலிருந்து கழற்றியபோது, ஈட்டியால் மீன் குத்தியபோது, இரை ஊட்டியபோது நடந்தது.

தூண்டப்படாத கடி: மனிதர் எந்த வம்புக்கும் போகாமல் கடலில் இருந்தபோது நடந்தது.

உலகம் முழுவதும் தூண்டப்படாத கடிகள் ஆண்டுக்கு 60-ஐ ஒட்டியே இருக்கின்றன. சில ஆண்டுகளில் அதிலும் குறைவு, 2024-இல் 47. இத்தனை காலப் பதிவில் வெள்ளைச் சுறாவின் பேரில் சுமார் 350 சம்பவங்களும் 50-க்கு மேற்பட்ட மரணங்களும் உள்ளன. புலிச்சுறாவுக்கு ஏறக்குறைய 140 சம்பவங்கள், காளைச் சுறாவுக்கு ஏறக்குறைய 120. மணற்புலியின் பேரில் உள்ளவை 40-ஐக்கூட எட்டவில்லை. அதில் உறுதிப்படுத்தப்பட்ட மரணம் எதுவும் இல்லை.

கடித்த சுறாவை இனம் காண்பது எளிதல்ல என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பயந்து கரைக்கு ஓடிவந்தவர் பல்லின் வடிவத்தைப் பார்த்திருக்கமாட்டார். அவுஸ்திரேலியாவில் நெடுங்காலம் நடந்தது இதுதான். வேறு சுறாக்கள் செய்ததெல்லாம் முகம் கொடூரமாக இருக்கும் இந்தக் கிரே நர்ஸின் கணக்கில் எழுதப்பட்டன. அந்தப் பெயரைச் சொல்லியே 1950-களிலும் 60-களிலும் வெடிமுனை பொருத்திய ஈட்டிகளோடு இறங்கி இவற்றைக் கொன்று குவித்தார்கள். மெதுவாக நகரும், ஆளைக் கண்டு ஓடாத மீனைக் கொல்வது வீரமாகக் கொண்டாடப்பட்டது. அந்த இழப்பிலிருந்து அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரை இன்னும் மீளவில்லை.

சரி, அப்படியானால் ஏன் கடிக்கிறது?

2018 ஜூலையில் நியூயோர்க் மாநிலத்தின் ஃபயர் தீவில் ஒரே நாளில் இரண்டு பிள்ளைகள் கடிபட்டார்கள். அதில் ஒருவரின் காலில் சிக்கியிருந்த பல் துண்டு மரபணுச் சோதனைக்குப் போனது. முடிவு மணற்புலி என்று வந்தது. 2022-இலும் 2023-இலும் ஃபயர் தீவை ஒட்டிய லோங் தீவுக் கரையில் கடிகள் அதிகரித்தபோதும் நிபுணர்களின் சந்தேகம் இந்த இனத்தின் மீதே விழுந்தது. இந்தச் செய்திகளோடுதான் அந்தப் படமும் உலகம் சுற்றியது.

அங்கே நடந்ததைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. லோங் தீவின் தென்பகுதியில் உள்ள கிரேட் சவுத் குடா, மணற்புலிக் குட்டிகள் வளரும் இடம் என்று 2016-இல் அறிவிக்கப்பட்டது. கோடையில் அங்கு திரிபவை பெரும்பாலும் இளசுகள்.

2. நம் சூடை, சாளைக்கு உறவான மென்ஹேடன் என்ற மீன் அந்தக் கரையில் பெரும் கூட்டமாகத் திரள்கிறது. பிடிப்புக்குக் கட்டுப்பாடு வந்த பின்னர் அந்தக் கூட்டம் பெருகியது. இரை எங்கேயோ சுறாவும் அங்கே.

3. கோடை விடுமுறையில் மனிதரும் அதே ஆழமற்ற நீரில் நிறைகிறார்கள்.

4. அலை கலக்கிய மண்ணில் பார்வை மங்கும். மீன் கூட்டத்துக்குள் பாயும் இளம் சுறா, அசையும் காலையோ கையையோ ஒரு கணம் மீனாக எடுத்துக்கொள்கிறது. கடித்ததும் விட்டுவிட்டுப் போய்விடுகிறது.

இங்கே சுறா மனிதரைத் தேடி வரவில்லை. மீனுக்கும் சுறாவுக்கும் நடுவில் ஒரு கால் அகப்பட்டுக்கொண்டது. கடிபட்டவருக்கு வலியும் தையலும் உண்மைதான். அதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடக் கூடாது. ஆனால் வேட்டை என்பதும் தவறுதலாகப் பட்ட கடி என்பதும் ஒன்றல்ல. தப்புவதற்கான வழியும் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

இரண்டாவது வகைச் சம்பவம் ஈட்டி மீன்பிடிப்பவர்களுக்கு நடப்பது. குத்திய மீன் துடிப்பதையும் இரத்தத்தையும் உணர்ந்து மணற்புலி நெருங்கி வரும், ஈட்டியிலிருந்தே மீனைப் பறிக்கப் பார்க்கும். இடுப்பில் மீனைக் கட்டிக்கொண்டு நீந்துபவர் தன்னையே இரையின் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். மூன்றாவது, சீண்டல். குகை வாயிலை அடைத்துக்கொண்டு நிற்பது, தொட்டுப் பார்ப்பது, கமெராவை முகத்துக்கு நேரே நீட்டுவது. நெருக்கினால் இது வாலைச் சுழற்றி வெடிச்சத்தம் கேட்கும்படி அடிக்கும். விலகிப் போ என்பதற்கான எச்சரிக்கை அது.

தென்னாபிரிக்காவின் அலிவால் பாறைத் திட்டிலும் அவுஸ்திரேலியாவின் ஃபிஷ் ரொக் குகையிலும் சுழியோடிகள் பல ஆண்டுகளாகக் கூண்டு இல்லாமலே இவற்றின் அருகில் இறங்குகிறார்கள். தொடாமல், வழியை மறிக்காமல், உணவு கொடுக்காமல் இருப்பதே அங்கு விதி.

உணவு எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு இந்த இனத்துக்கு வெளியே ஒரு துயரமான எடுத்துக்காட்டு உண்டு. இஸ்ரேலின் ஹதேரா கரையில் மின்நிலையத்தின் வெதுவெதுப்பான நீர் கடலில் கலக்கும் இடத்தில் டஸ்கி, சான்ட்பார் என்ற இரண்டு இனச் சுறாக்கள் ஆண்டுதோறும் கூடுகின்றன. மக்களைத் தேடித் தாக்காதவை என்று பெயர் எடுத்தவை. மக்கள் அங்கே கூடி, உணவு எறிந்து, தொட்டு விளையாடினார்கள். 2025 ஏப்ரலில் அங்கே ஒருவர் கொல்லப்பட்டார். சாது என்று பெயர் எடுத்த இனமும் மனிதரையும் உணவையும் ஒன்றாகப் பார்க்கப் பழகிவிட்டால் பழைய கணக்கு உதவாது. மணற்புலிக்கும் இது பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன்.

கொழும்புக் கரைக்கு இதில் என்ன இருக்கிறது?

மணற்புலியின் பரப்பு அத்திலாந்திக்கின் இரு கரைகள், தென்னாபிரிக்கா, ஜப்பான், அவுஸ்திரேலியா என்று விரிகிறது. இந்து சமுத்திரமும் அதற்குள் வருகிறது. ஆனால் பேலியகொடை மீன் சந்தைக்கு வரும் சுறாக்களில் பெரும்பகுதி பட்டுச் சுறா, நீலச் சுறா போன்ற ஆழ்கடல் இனங்கள். திருகோணமலைப் புறாத் தீவில் சுற்றுலாப் பயணிகள் காணும் கருநுனிச் சுறாக்கள் ஒன்றரை மீற்றர் அளவானவை. காலிமுகத்திடலிலோ கல்கிசையிலோ கால் நனைப்பவர் மணற்புலியைச் சந்திக்கும் வாய்ப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

சுறாப் பயம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. மன்னார் முத்துக்குளிப்பில் 'கடல்கட்டி' என்றொரு தொழிலே இருந்தது. மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டிவிடுபவர் என்று நம்பப்பட்டவர். அவர் கரையில் நின்று சடங்கு செய்யாவிட்டால் குளியாட்கள் இறங்கமாட்டார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்தில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்குக் கூலியாகப் போனதை எழுதியிருக்கிறார். பிரித்தானியர் காலத்திலும் அந்த வழக்கம் தொடர்ந்தது. இருண்ட நீருக்குள் மூச்சடக்கி இறங்கும் மனிதருக்கு அந்தத் தைரியம் தேவைப்பட்டது. அதை நான் மூடநம்பிக்கை என்று ஒதுக்கமாட்டேன்.

இன்றைய கொழும்புக் கரையில் எச்சரிக்கை வேறு இரண்டு விஷயங்களுக்குத் தேவை.

முதலாவது முதலை. 2022 ஜனவரியில் தெஹிவளைக் கடலில் ஒருவர் முதலை தாக்கி இறந்தார். அந்த நாட்களில் வெள்ளவத்தை, தெஹிவளை கரைகளில் முதலைகள் காணப்பட்டன. சதுப்பு நிலங்களிலும் கால்வாய்களிலும் வாழும் செம்மூக்கன் முதலை உப்பு நீரிலும் நீந்தும். கால்வாய் கடலில் விழும் இடங்களில் குளிக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இரண்டாவது, எல்லாவற்றையும்விடப் பெரியது, கடலின் இழுவை. மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று வீசும் காலத்தில் மேற்குக் கரை முழுக்கக் கொந்தளிக்கும். கரையிலிருந்து உள்ளே இழுத்துப்போகும் நீரோட்டத்தில் அகப்பட்டவர் நேராகக் கரையை நோக்கி நீந்திக் களைத்துப்போகிறார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால்தான் அதிலிருந்து வெளியே வர முடியும். இலங்கையில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். சுறாப் படத்தைப் பகிர்ந்த குடும்பக் குழுவிலேயே இந்த ஒரு வரியையும் பகிர்ந்தால் எவ்வளவோ பயன்.

கடலில் இறங்குபவர் செய்யக் கூடியவை

சுறா எந்த இனமாக இருந்தாலும் கீழுள்ளவை பொருந்தும்:

1. கரைவலை இழுக்கும் இடத்திலும் மீன் கழிவு கொட்டும் இடத்திலும் நீந்த வேண்டாம். சின்ன மீன்கள் துள்ளுவதும் கடற்பறவைகள் பாய்ந்து கொத்துவதும் கண்ணில் பட்டால், அங்கே பெரிய மீனும் இருக்கிறது என்று பொருள்.

2. விடியும் முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் கலங்கிய நீரிலும் தவிர்த்துவிடுங்கள். மழைக்குப் பிறகு களனி ஆறு விழும் முகத்துவாரப் பக்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

3. கொழும்புக்கு வெளியே மூழ்கிய கப்பல்களைப் பார்க்க நவம்பர் முதல் ஏப்ரல் வரை சுழியோடுபவர்கள், எந்தச் சுறாவையும் தொடவோ துரத்தவோ கூடாது. குத்திய மீனை உடம்பில் கட்டிக்கொண்டு நீந்துவது கூடவே கூடாது.

4. யாராவது கடிபட்டால், கரைக்குக் கொண்டுவந்து சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடியுங்கள். அழுத்தத்தை எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஆழமான குத்துக் காயத்தில் கிருமி தங்கிவிடும், ஏற்பு ஊசியும் தேவைப்படலாம்.

ஆபத்தில் இருப்பது யார்?

மணற்புலிக்குக் கருப்பை இரண்டு. ஒவ்வொன்றிலும் பல கருக்கள் உருவாகின்றன. அவற்றில் முதலில் 10 சென்ரிமீற்றர் அளவுக்கு வளர்ந்து பல் முளைத்தது மற்றக் கருக்களைத் தின்றுவிடுகிறது. அதன் பிறகு தாய் தொடர்ந்து வெளியிடும் கருவுறாத முட்டைகளைத் தின்று வளர்கிறது. 1948-இல் ஸ்டுவர்ட் ஸ்பிரிங்கர் என்ற ஆய்வாளர் தாய்ச் சுறா ஒன்றின் கருப்பைக்குள் கைவிட்டுப் பார்த்தபோது உள்ளே இருந்த கரு அவர் கையைக் கடித்தது. ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்களின் பின் கருப்பைக்கு ஒன்றாக இரண்டே குட்டிகள் பிறக்கின்றன. பிறக்கும்போதே ஒவ்வொன்றும் ஒரு மீற்றர் நீளம்.

இந்தக் கொடூரமான கதையை வைத்தும் இந்த மீனைப் பயங்கரமாகக் காட்டுவார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. பெண் சுறா முதிர்ச்சி அடைய ஒன்பது, பத்து ஆண்டுகள் ஆகும். அதன் பிறகும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒரு முறைதான் ஈனும். ஒரு சூடை மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. வலையில் போனது மீண்டும் வந்து நிறைய வாய்ப்புண்டு. இங்கே பத்து வயதுத் தாய் ஒன்று வலையில் போனால் அதன் இடத்தை நிரப்ப இன்னொரு பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும்.

1984-இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இதற்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. உலகில் சட்டத்தால் காக்கப்பட்ட முதல் சுறா இதுதான். 1997-இல் அமெரிக்கா தன் அத்திலாந்திக் நீரில் இதைப் பிடிப்பதைத் தடை செய்தது. அப்படியிருந்தும் உலக அளவில் இது இன்று 'மிக அருகிய இனம்'. இயற்கையில் முற்றாக அழிவதற்கு ஒரு படி முன்னால் உள்ள வகை அது.

இலங்கையும் சும்மா இருக்கவில்லை. தூவியை மட்டும் வெட்டிக்கொண்டு உடலைக் கடலில் எறியும் வழக்கத்துக்கு 2001-ஆம் ஆண்டு விதிகள் முற்றுப்புள்ளி வைத்தன. சுறாவைத் தூவியோடு சேர்த்தே கரைக்குக் கொண்டுவர வேண்டும். நீண்ட வாலுள்ள திரெஷர் சுறாக்களைப் பிடிக்க 2012-இல் தடை வந்தது. 2016-இல் அந்தச் சுறாக்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் முன்மொழிவைக் கொண்டுபோன நாடும் இலங்கைதான். முத்துக்குளிப்பவர்கள் சுறாவின் வாயைக் கட்ட ஆள் வைத்த அதே தீவு இது.

அடுத்த முறை அந்தப் பல் துருத்திய படம் தொலைபேசியில் வந்தால், முதலில் முதுகைப் பாருங்கள். ஏறத்தாழ ஒரே அளவில் இரண்டு தூவிகள் தெரிந்தால் அது மணற்புலி. அனுப்பியவருக்கு அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லிவிடுங்கள்.